ஆமணக்கெண்ணெய்: வண்டிமை முதல் கிரீஸ் வரை

உலோகத்தோடு உலோகம் உராயுமிடத்தில் தேய்மானத்தையும் துருவையும் தடுக்கும் பொருள் மசகு எனப்படும். மரபுவழி மசகுகளை வணிக மசகுகள் முற்றிலும் அகற்றிவிட்டன என்பது பொதுவான கருத்து. ஆமணக்கெண்ணெயின் வரலாறு அக்கருத்தை மறுக்கின்றது.

தமிழகச் சிற்றூர்களில் மாட்டுவண்டியின் இரும்பு அச்சிற்கு, வைக்கோற் கரியை விளக்கெண்ணெயில் குழைத்த வண்டிமை இடப்பட்டது. 19ஆம் நூற்றாண்டில் இந்திய இருப்புப்பாதைகளும் இவ்வெண்ணெயைப் பயன்படுத்தின.

இதன் கொழுப்பமிலங்களில் 85 முதல் 90 விழுக்காடு ரிசினோலியிக் அமிலமாகும். அது உலோகப் பரப்பை இறுகப் பற்றுவதால் எண்ணெய்ப் படலம் எளிதில் அறுவதில்லை. பெட்ரோலிலும் இவ்வெண்ணெய் எளிதில் கரைவதில்லை. ஆதலின் முதல் உலகப் போரில் (1914-1918), எரிபொருளும் எண்ணெயும் ஒரே அறையினுள் சென்ற வானூர்திச் சுழல் எந்திரங்களுக்கு இதுவே ஏற்றதாயிற்று. சார்லஸ் வேக்ஃபீல்டு 1899இல் இலண்டனில் தொடங்கிய நிறுவனம், 1909இல் ஆமணக்கெண்ணெய் கலந்த தன் எந்திர எண்ணெய்க்குக் காஸ்ட்ரால் எனப் பெயரிட்டது. ஆமணக்கைக் குறிக்கும் 'காஸ்டர்' என்னும் ஆங்கிலச் சொல்லே அப்பெயருக்கு அடிப்படை.

வெப்பத்தில் பிசினாகப் படியும் குறையினாலும் விலையினாலும் ஆமணக்கெண்ணெயின் இடத்தைக் கனிம எண்ணெய் பெற்றது. எனினும் 1940களில் உருவான லித்தியம் கிரீஸைக் கெட்டிப்படுத்தும் அமிலம், பெரும்பாலும் ஹைட்ரஜனேற்றிய ஆமணக்கெண்ணெயிலிருந்தே பெறப்படுகின்றது. ஆமணக்கு விளைச்சலில் உலகில் முதலிடம் வகிப்பது இந்தியா. அதில் பெரும்பங்கு குஜராத்தினுடையது.

எனவே, இங்கு நிகழ்ந்தது மரபின் மறைவன்று, வடிவ மாற்றமே எனலாம். வண்டிமை வழக்கொழிந்தாலும் அதன் மூலப்பொருள் இன்றும் எந்திரங்களைக் காத்து வருகின்றது.