ஒரே தாயின் பிள்ளைகள்

கம்புக் கதிரில் முதலில் வெளியே வருவது சூல்முடி. மகரந்தப் பை இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் தலைகாட்டும். அதற்குள் பக்கத்துச் செடியின் மகரந்தம் காற்றில் வந்து ஒட்டிவிடும். நான் விதைப் பண்ணையில் இருந்தபோது, சூல்முடி எட்டிப் பார்க்கும் முன்பே கதிருக்கு பட்டர் பேப்பர் உறை மாட்டி நூலால் கட்டுவதுதான் காலை வேலை. ஒரு நாள் பிந்தினால் அந்தக் கதிரை விதைக்கு எடுக்க முடியாது.

கோயம்புத்தூரில் பயிர் விஞ்ஞானி ஜி.என். ரங்கசாமி ஐயங்கார் காலத்தில், 1923-இல், சிறுதானிய ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது. பிற்பாடு அங்கே கம்பின் இந்த இயல்பையே பயன்படுத்தி, இரண்டு ரகங்களைக் கலந்து விதைத்து ஒட்டு விதை எடுத்துப் பார்த்தார்கள். கிடைத்ததில் ஒரு பங்குதான் ஒட்டு. மிச்சம் பழைய கம்பே.

முழு ஒட்டு வேண்டுமானால் மகரந்தமே தராத தாய் வேண்டும். அது அமெரிக்காவில், ஜார்ஜியா மாநிலத்து டிஃப்டனில், பயிர் விஞ்ஞானி கிளென் பர்ட்டனிடம் இருந்தது: ‘டிஃப்ட் 23ஏ’. அதைத் தாயாக்கி லூதியானாவில் டி.எஸ். அத்வால் உருவாக்கிய எச்.பி.1 என்ற ஒட்டு, 1965-இல் வெளிவந்தது. பின்னால் வந்த ஒட்டுகள் பலவற்றுக்கும் அதே தாய்தான். 1970-71-இல் நாட்டின் கம்பு விளைச்சல் 80 லட்சம் டன்னைத் தொட்டது.

அடுத்த ஆண்டே அடிச்சாம்பல் நோய் புகுந்தது. விடியற்காலையில் இலையைத் திருப்பினால் அடியில் வெள்ளை மாவு பூத்திருக்கும். கதிர் வரவேண்டிய இடத்தில் பச்சை இலைக்கொத்து. மணி ஒன்றுகூட இருக்காது. கிருமி மண்ணிலேயே தங்கிவிடும். அமெரிக்கக் கம்பில் இந்த நோய் இல்லாததால், அந்தத் தாய் இதைத் தாங்குமா என்று அங்கே சோதிக்க வழியே இல்லை. மகரந்தம் தராத அந்த மலட்டுத் தன்மைதான் நோயை அழைத்து வந்தது என்றுகூடச் சிலர் சந்தேகித்தார்கள். பிந்தைய ஆய்வுகள் அதை ஏற்கவில்லை. 1974-75-இல் விளைச்சல் சுமார் 33 லட்சம் டன்னுக்கு இறங்கியது. அந்த ஆண்டு மழையும் பொய்த்தது. பழி முழுவதையும் நோயின் மேல் போடுவது நியாயமில்லை.

1972-இல் ஹைதராபாத் அருகே பட்டன்செருவில் தொடங்கிய இக்ரிசாட் என்ற பன்னாட்டுப் பயிர் ஆராய்ச்சி நிறுவனம், நாடுகள் பலவற்றிலிருந்து கம்பு விதைகளைத் திரட்டி, நோய் தாங்கும் பெற்றோர்களைத் தேடியது. ஹிசாரில் உருவான எச்.எச்.பி.67 ஒட்டு 1990-இல் வந்தது. இரண்டே மாதத்தில் அறுவடைக்கு வந்துவிடும் என்பதால் மழை குறைந்த ஹரியானா, ராஜஸ்தான் பக்கம் அதற்கு நல்ல பெயர். அதையும் நோய் மெல்ல நெருங்கியபோது, அதன் பெற்றோர்களில் எதிர்ப்புத் தன்மையை ஏற்றி 2005-இல் திருத்திய ஒட்டை வெளியிட்டார்கள். எச்.பி.1-க்கு அப்படி முன்கூட்டியே யாரும் மாற்று வைத்திருக்கவில்லை.

மேற்கு ராஜஸ்தானின் மணல் நிலங்களில் பல விவசாயிகள் இன்றும் வீட்டு விதையைத்தான் தூவுகிறார்கள். விளைச்சல் குறைவுதான். ஆனால் ஒரே வயலில் முந்திப் பூப்பதும் பிந்திப் பூப்பதும் கலந்து நிற்பதால், மழை எப்போது ஏமாற்றினாலும் ஏதோ ஒரு பங்கு வீடு வந்து சேரும். இதைப் பிடிவாதம் என்று சொல்லும் அதிகாரிகளைப் பார்த்திருக்கிறேன். என்னைக் கேட்டால், அது சரியான கணக்கு.