திருகைக்கல்லின் ஓசை

யூதா நாட்டுக்கு வரவிருந்த அழிவை அறிவிக்கையில் இறைவாக்கினர் எரேமியா, மணமக்களின் குரலும் விளக்கின் ஒளியும் இல்லாதொழியும் என்பதோடு திருகைக்கல்லின் ஓசையும் நின்றுபோகும் என்கிறார். அவ்வோசை இல்லாத வீட்டில் வாழ்வே இல்லை என்பது அக்கால மக்கள் அறிந்த செய்தி.

நம் கொங்கு நாட்டிலும் விடியுமுன் எழுந்த ஓசை பெண்களுடையதே. புன்செய் மிகுந்த இப்பகுதியில் கம்பும் சோளமும் ராகியுமே நெடுங்காலம் அன்றாட உணவு. கம்பை நீர் தெளித்து உரலிலிட்டு இடித்து, தவிடு புடைத்து, மீண்டும் இடித்தாலன்றிச் சோறில்லை. ராகிக்குத் திருகை, குழம்புக்கு அம்மி, விழாநாள் இட்லிக்கு ஆட்டுக்கல். ஓர் உரலில் இரு பெண்கள் எதிரெதிர் நின்று மாறிமாறி இடிக்கையில் தாளம் தப்பினால் உலக்கைகள் மோதிக்கொள்ளும். அத்தாளத்தைக் காத்தது பாட்டு.

இப்பாட்டுக்கு இளங்கோவடிகள் வள்ளைப்பாட்டு என்று சிலப்பதிகாரத்தில் இடம் தந்தார். ஆனால் அங்கே உலக்கை கரும்பு, குற்றப்படுவது முத்து, பாடப்படுவது மூவேந்தர் புகழ். கம்பு இடித்தவளோ அண்ணன் மறந்த சீரையும் மாமியார் சொன்ன சொல்லையும் பாடினாள். எவரிடமும் வாய்திறந்து சொல்ல இயலாததை உரலிடம் சொல்லலாமல்லவா?

1932இல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. அம்மின்சாரத்தால் கோவையில் பஞ்சாலைகள் பெருகின. காலப்போக்கில் மாவு மில்களும் ஊர்களை எட்டின. 1955இல் கோவையைச் சேர்ந்த பி. சபாபதி மின்சாரத்தில் சுழலும் கிரைண்டரை உருவாக்கினார். ஊத்துக்குளிப் பகுதிக் கல்லால் பெயர்பெற்ற கோவை கிரைண்டர் 2005-06இல் புவிசார் குறியீட்டையும் பெற்றது. கிரைண்டருக்கு ஆண்டும் ஆக்கியோன் பெயரும் உண்டு. வள்ளைப்பாட்டு பாடிய பெண்களின் பெயரை எவரும் எழுதி வைக்கவில்லை.

எரேமியா அழிவின் அடையாளமாகக் கண்ட அமைதி நம் அடுக்களைகளுக்கு விடுதலையாகவே வந்தது. பழம்பாட்டு மறைந்ததே என்று நாற்காலியில் அமர்ந்து வருந்துவது ஆண்களுக்கு எளிது. (நம்மையும் சேர்த்தே சொல்கிறோம்.) தோள்வலியும் உள்ளங்கைக் காய்ப்பும் கொடுத்து வாங்கிய பாட்டு அது. ஆயினும், இரு பெண்கள் கூடி நின்று மனத்தைத் திறந்த அந்த விடியற்பொழுதுக்கு ஈடாக மில் எதையும் தரவில்லை.

நம் பங்குகளில் எண்பதைக் கடந்த பாட்டிமார் சிலர் அவ்வடிகளை இன்னும் மறக்கவில்லை. பாடச் சொன்னால், "அதெல்லாம் இப்ப எதுக்கு கண்ணு?" என்று வெட்கப்படுவர். கையில் உலக்கை இல்லாமல் பாட்டு வராது என்பாரும் உண்டு.