அவுரி வணிகர் சட்டசபைக்குப் போனார்

பருத்தித்துறைக் குமாரசாமி முதலியார் 1835இல் இலங்கைச் சட்டநிரூபண சபையில் இடம்பெற்றார். அக்கரையிலே சென்னை மாகாணத்தார் அப்படியொரு சபைக்கு 1861ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருந்தார்கள். அதில் 1863இல் அமர்ந்த காஜுல லட்சுமிநரசு செட்டியார் ஒரு வணிகர். ஆனால் நியமனத்துக்கு வெகுமுன்பே அவர் குடிமக்களுக்காக வழக்காடத் தொடங்கிவிட்டார்.

1806இல் சென்னையில் பிறந்தவர். தகப்பனார் அவுரி வியாபாரி. துணி வியாபாரத்தாலும் குடும்பத்துக்குச் செல்வம் சேர்ந்தது. அந்தச் செல்வத்தைக் கொண்டு 1844இல் 'கிரசென்ட்' என்ற ஆங்கிலப் பத்திரிகையைத் தொடங்கினார். பள்ளிகளில் விவிலியத்தைப் பாடமாக்க ஆளுநர் ட்வீடேல் முனைந்தபோது 1846இல் சென்னையில் எதிர்ப்புக் கூட்டம் கூட்டினார். இரண்டே வருடத்தில் யாழ்ப்பாணத்து நல்லூரின் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் சைவப் பள்ளி தொடங்கினார். பள்ளியில் எந்தச் சமயத்தைக் கற்பிப்பது என்ற ஒரே கேள்வியைத்தான் இருவரும் எதிர்கொண்டார்கள்.

செட்டியாரின் பெரிய பணி அதற்குப் பிறகு வந்தது. 1852இல் சென்னைச் சுதேசிகள் சங்கத்தை நிறுவி, வரிக்கொடுமையை விவரித்து இலண்டன் பாராளுமன்றத்துக்கு மனு அனுப்பினார். மறுவருடம் டான்பி சீமோர் என்ற பாராளுமன்ற உறுப்பினர் வந்தபோது, அவரை நாட்டுப்புறங்களுக்கு அழைத்துப்போய் உழவர்களின் நிலையை நேரில் காட்டினார். வரி கட்டாதவனுக்குக் 'கிட்டி' போடுவார்கள்: இரண்டு கட்டைகளுக்கிடையே விரல்களை வைத்து நெரிப்பது. 'அண்ணாந்தாள்' இன்னும் கொடிது. ஆளைக் குனியவைத்து, கழுத்தில் மாட்டிய கயிற்றைக் கால்விரலோடு இழுத்துக் கட்டி வெயிலில் விடுவது. வேதனை தாங்காமல் கடன் வாங்கியாவது கட்டிவிடுவான் என்பதே கணக்கு.

சீமோர் இதைப் பாராளுமன்றத்தில் எழுப்ப, அரசாங்கம் விசாரணை ஆணையம் அமைத்தது. சித்திரவதை நடந்தது உண்மையே என்று 1855இல் ஆணையமே எழுதியது. 1857இல் கார்ல் மார்க்ஸ் அந்த அறிக்கையைக் கொண்டு நியூயோர்க் பத்திரிகையொன்றில் கட்டுரை எழுதினார். பேர் தெரியாத உழவனின் நெரிந்த விரல்கள் அமெரிக்க வாசகர்வரை போனதற்குச் செட்டியாரின் விடாமுயற்சியும் ஒரு காரணம். என் கண்ணில் சட்டசபை நாற்காலியைவிட உயர்ந்தது இந்தச் சாதனைதான்.

அந்த நாற்காலி கூட, மாகாணச் சபையின் முதல் இந்திய உறுப்பினர் சடகோபாச்சாரியார் காலமானதால் வந்த இடம். ஆளுநர் நியமித்த உறுப்பினரே தவிர, மக்கள் தேர்ந்தவரல்ல. செட்டியாரோ பத்திரிகைக்கும் சங்கத்துக்கும் தொடர்ந்து கைப்பணத்தையே இறைத்தார். தந்தையும் தாமும் தேடிய செல்வம் கரைந்து, 1868இல் வறுமையில் மறைந்தார்.