மறையூர் உருண்டை ரத்தத்தில் கரையும்வரை

கேரளத்தின் இடுக்கியில் தேயிலையும் ஏலமும்தான் பேர்போனவை. கிழக்குச் சரிவின் மழை மறைவில் இருக்கும் மறையூரிலும் காந்தலூரிலும் மட்டும் கரும்பு. ஆலையில் பிழிந்த சாறு பெரிய கொப்பரையில் கொதிக்கும். அடுப்பில் எரிவது அந்தக் கரும்பின் சக்கையேதான். கொஞ்சம் சுண்ணாம்பு சேர்த்தால் அழுக்கு நுரையாகத் திரளும், அள்ளி எறிவார்கள். பாகு பதத்துக்கு வந்ததும் கொட்டிக் கிளறி, சூடு முழுக்க ஆறுமுன் கையாலேயே உருட்டுவார்கள். அச்சு கிடையாது, விரல் பதிந்த வடிவம்தான். இதுதான் மறையூர் சர்க்கரை, நம் வழக்கில் வெல்லம். வெளியூர் வெல்லமெல்லாம் இந்தப் பெயரில் விலைபோனதால் விவசாயிகள் குமைந்தார்கள். 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

மூட்டைகள் மேற்கே மூணாறுக்கு ஏறும், கிழக்கே சின்னாறு வழியாக உடுமலைக்கு இறங்கும். பாலக்காட்டுக்குப் போகிற உருண்டைக்கும் உடுமலை, பொள்ளாச்சி வழிதான் லேசு. ஒரு கேரள மாவட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகத் தமிழ்நாட்டைச் சுற்றுகிறது!

வழியில் எங்கோ அதற்கு ஒரு பட்டமும் சேர்ந்துவிடுகிறது: 'சுகர் உள்ளவங்க சாப்பிடலாம்.' 2023-இல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வின்படி கேரளத்தில் பெரியவர்களில் 25.5 சதவீதம் பேருக்கு நீரிழிவு. நாலில் ஒருவர் நம்ப விரும்பும் பேச்சு இது; விற்பவருக்குக் கசக்குமா?

உருண்டை குடலுக்குள் போனதும் பட்டம் உதிர்ந்துவிடும். வெல்லத்தில் பெரும்பங்கு சுக்ரோஸ், வெள்ளைச் சர்க்கரையில் இருக்கும் அதே பொருள். குடல் அதைக் குளுக்கோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் பிரித்து ரத்தத்துக்கு அனுப்பிவிடும். இரும்புச்சத்து கொஞ்சம் இருக்கிறது, உண்மைதான். அதற்காகச் சர்க்கரையையும் சேர்த்து விழுங்குவதைவிட முருங்கைக்கீரை மேல். கருப்பட்டிக்கும் நாட்டுச்சர்க்கரைக்கும் தேனுக்கும் இதே கதைதான்.

டீ இனிக்கத்தான் வேண்டும் என்றால்? ரத்தச் சர்க்கரையை ஏற்றாத இனிப்புகள் உண்டு. சுக்ரலோஸ் சூட்டைத் தாங்கும், உடம்பு பெரும்பாலும் அதை அப்படியே வெளியேற்றிவிடும். அஸ்பார்டேமைக் கொதிக்கவிட்டால் இனிப்பு போய்விடும். இறக்கிய பிறகு போடுங்கள். ஸ்டீவியா இலையிலிருந்து பிரித்தெடுக்கும் இனிப்புக்கு நம் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-இல் அனுமதி தந்தது. லேசான பின்கசப்பு உண்டு. சென்னையில் நீரிழிவு உள்ளவர்களுக்கு டீ, காபியில் சர்க்கரைக்குப் பதில் சுக்ரலோஸ் கொடுத்து 12 வாரம் பார்த்தார்கள்: எடை சற்றே குறைந்தது, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை மாறவில்லை. ஆக, இது மருந்தல்ல. எடை குறைக்க இவற்றை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் சொன்னது. ஆனால் அந்தப் பரிந்துரை ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கானது அல்ல. என்னைக் கேட்டால், முதலில் இனிப்பின் அளவைப் பாதியாக்குங்கள், இனிப்பு மாத்திரையை அப்புறம் தேடலாம். 'சுகர் ஃப்ரீ' லட்டில் மாவும் நெய்யும் அப்படியே இருப்பதையும் மறக்க வேண்டாம்.

ஒரு நேரத்தில் மட்டும் இந்த மாற்றுகள் கைவிட்டுவிடும். இன்சுலினோ சிலவகை மாத்திரையோ எடுப்பவருக்குச் சர்க்கரை தாழ்ந்து, வியர்த்து, கை நடுங்கினால் உடனே சுமார் 15 கிராம் குளுக்கோஸ் பவுடரோ சர்க்கரையோ கொடுக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் வெல்லம் உதவும். இனிப்பு மாத்திரை உதவாது.