சிபாப் மெஷின் வாங்கியாச்சு... மாஸ்க் போட்டா தூக்கம் வரலையா? முதல் 4 வாரங்களைத் தாண்டுவது எப்படி?

குறட்டைக்காக டாக்டரிடம் போனவரை ஸ்லீப் டெஸ்ட் எடுக்கச் சொல்கிறார்கள். ரிசல்ட் வந்ததும், "உங்களுக்கு ஸ்லீப் அப்னியா இருக்கு. இனிமே ராத்திரி இந்த மெஷினைப் போட்டுத்தான் தூங்கணும்" என்கிறார்கள். மெஷின் வீட்டுக்கு வருகிறது. முதல் நாள் ஒரு மணி நேரம். இரண்டாம் நாள் அரை மணி நேரம். மூன்றாம் நாள், "நாளைக்குப் பார்த்துக்கலாம்". அடுத்த மாதம் அது பீரோவுக்கு மேலே, அட்டைப்பெட்டிக்குள்!

மெஷினைக் கைவிடும் பலர் சொல்லும் காரணங்கள் ஒரே மாதிரிதான். மாஸ்க் உறுத்துகிறது, வாய் வறண்டு போகிறது, மூச்சு முட்டுகிறது, வயிறு உப்புகிறது. இதில் பெரும்பாலானவற்றைச் சரிசெய்ய வழி இருக்கிறது. ஆனால், அந்த வழியைத் தேடுவதற்கு முன்பே பலர் மாஸ்க்கைக் கழற்றி வைத்துவிடுகிறார்கள். முதல் சில வாரங்களில் என்னென்ன நடக்கும், என்ன செய்யலாம்? விரிவாகப் பார்க்கலாம்.

முதலில், இந்த மெஷின் என்ன செய்கிறது?

தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளரும். சிலருக்கு அது மூச்சுப் பாதையையே அடைத்துவிடும். 10 வினாடி அல்லது அதற்கு மேல் மூச்சு நின்றால் அதுதான் 'அப்னியா'. ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்ததும் மூளை நம்மை லேசாக எழுப்பிவிடும். மூச்சு திரும்பும், மறுபடி தூக்கம், மறுபடி அடைப்பு. ராத்திரி முழுக்க இதேதான். காலையில் எதுவும் ஞாபகம் இருக்காது. 8 மணி நேரம் தூங்கியும் களைப்பு மட்டும் போகாது.

ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை மூச்சு நிற்கிறது அல்லது குறைகிறது என்ற கணக்குதான் ரிப்போர்ட்டில் இருக்கும் 'ஏஎச்ஐ'. பெரியவர்களுக்கு 5-க்குக் கீழ் இருந்தால் நார்மல். 5 முதல் 15 வரை லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30-க்கு மேல் தீவிரம்.

சிபாப் என்பது ஆக்சிஜன் மெஷின் கிடையாது. அறையில் இருக்கும் சாதாரணக் காற்றைத்தான் வடிகட்டி, மெல்லிய அழுத்தத்தில் அனுப்புகிறது. அந்தக் காற்று உள்ளே முட்டுக்கொடுத்து, தொண்டை மூடாமல் பார்த்துக்கொள்கிறது. அழுத்தம் பொதுவாக 4 முதல் 20 வரை இருக்கும். 10 என்றால் எவ்வளவு? ஒரு ஸ்ட்ராவை 10 சென்டிமீட்டர் ஆழத் தண்ணீரில் விட்டு ஊதிக் குமிழி வரவைக்க எவ்வளவு அழுத்தம் தேவையோ, அவ்வளவுதான்.

ஆஸ்திரேலியாவின் சிட்னியைச் சேர்ந்த மருத்துவர் காலின் சல்லிவன் 1980-ல் இதை முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பயன்படுத்தினார். 1981-ல் 'தி லான்செட்' மருத்துவ இதழில் முடிவுகள் வெளியாகின. அதற்கு முன்பு தீவிர பாதிப்பு இருந்தவர்களுக்குக் கழுத்தில் துளை போடும் அறுவை சிகிச்சைதான் முக்கிய வழியாக இருந்தது.

"வெறும் குறட்டைக்கு இவ்வளவா?"

2022 பிப்ரவரியில் பாலிவுட் இசையமைப்பாளர் பப்பி லஹரி மும்பையில் காலமானார். வேறு உடல்நலப் பிரச்னைகளும் அவருக்கு இருந்தன. ஆனால், மரணத்துக்குக் காரணமாக மருத்துவமனை தரப்பில் சொல்லப்பட்டது ஸ்லீப் அப்னியா. பலர் இந்த நோயின் பெயரைக் கேள்விப்பட்டதே அப்போதுதான்.

சிகிச்சை எடுக்காத ஸ்லீப் அப்னியாவுக்கும் உயர் ரத்த அழுத்தம், இதயத் துடிப்புக் கோளாறு, பக்கவாதம் ஆகியவற்றுக்கும் தொடர்பு இருக்கிறது. உடனடி ஆபத்து இன்னொன்று: வண்டி ஓட்டும்போது கண் சொக்குவது. லாரி, பஸ், கால் டாக்சி ஓட்டுபவர்கள் இதை அலட்சியப்படுத்தவே கூடாது. பகல் தூக்கக் கலக்கம் தீரும்வரை நீண்ட தூரம் வண்டி ஓட்டுவதைத் தவிர்ப்பது நல்லது.

முதல் வாரம்: தூங்கறதுக்கு முன்னாடி பழகுங்க

படுக்கையில் படுத்து, லைட்டை அணைத்து, அப்போதுதான் முதல்முறையாக மாஸ்க்கை மாட்டினால் பதற்றம் வருவது இயல்பு. அதனால் பகலிலேயே ஆரம்பியுங்கள்.

* முதலில் டியூபை இணைக்காமல் மாஸ்க்கை மட்டும் முகத்தில் வைத்துப் பாருங்கள். டிவி பார்த்துக்கொண்டே செய்யலாம்.
* அடுத்து, மெஷினை ஆன் செய்து உட்கார்ந்தபடி 15, 20 நிமிடம்.
* பிறகு மதியம் ஒரு குட்டித் தூக்கம், மாஸ்க்கோடு.
* அதற்குப் பிறகு ராத்திரி முழுக்க முயற்சி செய்யுங்கள்.

சிலருக்கு ஒரே நாளில் பழகிவிடும், சிலருக்கு இரண்டு மூன்று வாரம் ஆகும். இரண்டுமே நார்மல்தான்.

மெஷினில் 'ரேம்ப்' என்று ஒரு வசதி இருக்கும். ஆரம்பத்தில் குறைந்த அழுத்தத்தில் தொடங்கி, நீங்கள் தூங்கிய பிறகு மெதுவாக ஏற்றும். "மூச்சை வெளியே விடவே கஷ்டமா இருக்கு" என்பவர்களுக்கு, வெளிமூச்சின்போது அழுத்தத்தைக் குறைக்கும் செட்டிங்கும் பல மாடல்களில் உண்டு. இந்த இரண்டும் ஆன் ஆகியிருக்கிறதா என்று மெஷின் கொடுத்தவரிடம் கேளுங்கள். ஆனால், டாக்டர் எழுதிக் கொடுத்த சிகிச்சை அழுத்தத்தை நீங்களாக மாற்ற வேண்டாம்.

ராத்திரி 2 மணிக்குக் கழற்றிட்டா என்ன ஆகும்?

"நாலு மணி நேரம் போட்டேன், போதும்" என்று நடுராத்திரியில் கழற்றுபவர்கள் அதிகம். இங்கேதான் ஒரு சிக்கல். கனவு வரும் 'ரெம்' தூக்கம் விடியற்காலை நேரத்தில்தான் அதிகம் இருக்கும். பலருக்கு மூச்சுத் தடை மோசமாவதும் அந்த நேரத்தில்தான். 2 மணிக்குக் கழற்றினால், மெஷின் ரொம்பத் தேவைப்படும் நேரத்தில் அது இல்லாமல் தூங்குகிறீர்கள்.

அமெரிக்க அரசின் மெடிகேர் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு கணக்கு உண்டு. தொடர்ச்சியான 30 நாளில் 70 சதவீத இரவுகளிலாவது, அதாவது 21 இரவு, குறைந்தது 4 மணி நேரம் போட்டிருந்தால்தான் 'ஒழுங்காகப் பயன்படுத்துகிறார்' என்று ஏற்றுக்கொள்வார்கள். இது பாஸ் மார்க் மாதிரி. தூங்கும் நேரம் முழுக்கப் போடுவதுதான் இலக்கு. தூக்கத்தில் நம்மை அறியாமலேயே மாஸ்க்கைக் கழற்றிவிடுவதும் ஆரம்பத்தில் சகஜம். முழிப்பு வந்தால் திட்டிக்கொள்ளாமல் மறுபடி மாட்டிக்கொள்ளுங்கள்.

மாஸ்க் சரியா இருந்தா பாதி பிரச்னை தீர்ந்தது

மாஸ்க்கில் மூன்று வகை. மூக்கை மட்டும் மூடுவது, மூக்குத் துவாரத்தில் மட்டும் பொருந்தும் 'நேசல் பில்லோ', மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் 'ஃபுல் ஃபேஸ்'. கடையில் எது கொடுத்தார்களோ அதுதான் விதி என்று நினைக்காதீர்கள். வகையையோ சைஸையோ மாற்றினாலே பலருக்குப் பிரச்னை தீர்ந்துவிடுகிறது. வாங்குவதற்கு முன்பே, "செட் ஆகலைன்னா மாத்தித் தருவீங்களா? கொஞ்ச நாள் வாடகைக்குக் கிடைக்குமா?" என்று கேட்டுவிடுவது புத்திசாலித்தனம்.

* ஸ்ட்ராப்பை உட்கார்ந்து மாட்டி, படுத்த பிறகு சரிசெய்யுங்கள். படுத்தால் முகத்தின் அமைப்பு லேசாக மாறும்.
* காற்று கசிந்தால் இழுத்து இறுக்குவதுதான் முதல் தப்பு. இறுக்கினால் குஷன் மடங்கி இன்னும் கசியும். மூக்குத் தண்டில் புண்ணும் வரும். ஒருமுறை மாஸ்க்கை முகத்திலிருந்து தூக்கி, மறுபடி வைத்துப் பாருங்கள்.
* முகத்தில் எண்ணெய், கிரீம் இருந்தால் சிலிக்கான் வழுக்கும். படுக்கும் முன் முகத்தைக் கழுவித் துடையுங்கள். தலைக்கு எண்ணெய் வைக்கும் பழக்கம் இருந்தால் அதைக் காலைக்கு மாற்றிக்கொள்ளலாம்.
* தாடி, அடர்த்தியான மீசை இருப்பவர்களுக்கு நேசல் பில்லோ கைகொடுக்கலாம்.
* சில மாஸ்க்குகளில் காந்த கிளிப் இருக்கும். உங்களுக்கோ பக்கத்தில் படுப்பவருக்கோ பேஸ்மேக்கர் போன்ற கருவி பொருத்தப்பட்டிருந்தால், காந்தம் இல்லாத மாஸ்க்கைக் கேட்டு வாங்குங்கள்.

தொந்தரவு இதுவா? இதைச் செய்து பாருங்கள்

வாய் வறட்சி: வாயைத் திறந்து தூங்குவதால் காற்று வெளியேறுகிறது என்று அர்த்தம். ஈரப்பதம் தரும் ஹியூமிடிஃபையர் அளவைக் கூட்டலாம். தாடையைத் தாங்கும் பட்டையோ, ஃபுல் ஃபேஸ் மாஸ்க்கோ தேவைப்படலாம். யூடியூப் பார்த்து வாயில் டேப் ஒட்டும் வேலை வேண்டாம்.

மூக்கடைப்பு: படுக்கும் முன் உப்புநீர் ஸ்ப்ரே உதவும். அப்படியும் தீராவிட்டால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.

வயிறு உப்புசம், ஏப்பம்: காற்றை விழுங்குகிறீர்கள். தலைப்பக்கம் கொஞ்சம் உயர்த்தி, ஒருக்களித்துப் படுத்துப் பாருங்கள். தொடர்ந்தால் அழுத்த செட்டிங்கை டாக்டர்தான் பார்க்க வேண்டும்.

கண் எரிச்சல்: மாஸ்க்கின் மேல்பக்கம் கசிந்து கண்ணில் காற்று படுகிறது. மாஸ்க்கைச் சரிசெய்தால் போய்விடும்.

டியூபில் தண்ணீர், முகத்தில் சொட்டு: ஏசி ரூமில் தூங்குபவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். ஈரமான காற்று குளிர்ந்த டியூபில் பட்டுத் தண்ணீராகிறது. ஹியூமிடிஃபையர் அளவைக் குறைக்கலாம், டியூபுக்குத் துணி உறை போடலாம். மெஷினைத் தலை மட்டத்துக்குக் கீழே வையுங்கள்.

விதவிதமாகக் கனவு: பயப்பட வேண்டாம். இத்தனை நாள் கெட்டுக்கொண்டிருந்த ரெம் தூக்கத்தை உடம்பு ஈடுகட்டுகிறது. பெரும்பாலும் தானாகவே அடங்கிவிடும்.

காலையில் திரையில் பார்க்க வேண்டிய 3 எண்கள்

இப்போது வரும் பெரும்பாலான மெஷின்களில் திரையிலோ செல்போன் ஆப்பிலோ ரிப்போர்ட் தெரியும்.

1. எத்தனை மணி நேரம்: முதல் மாதத்தில் முக்கியமாகப் பார்க்க வேண்டியது இதுதான்.
2. கசிவு: அதிகம் என்று காட்டினால் மாஸ்க் சரியில்லை.
3. ஏஎச்ஐ: 5-க்குக் கீழ் வந்தால் சிகிச்சை வேலை செய்கிறது என்பதற்கு நல்ல அடையாளம்.

ஒரு நாள் எண்ணைப் பார்த்துக் கவலைப்படாதீர்கள். ஒரு வாரத்து சராசரியைப் பாருங்கள். ஏஎச்ஐ தொடர்ந்து அதிகமாகவே இருந்தால் அந்த ரிப்போர்ட்டோடு டாக்டரிடம் போங்கள். சிலருக்கு சிகிச்சை தொடங்கிய பிறகு, அடைப்பு இல்லாமலேயே மூச்சு நிற்பது புதிதாகத் தெரியவரும். அதைக் கண்டுபிடிக்கவும் இந்த ரிப்போர்ட் உதவும்.

கரண்ட் போனா மூச்சு நின்னுடுமா?

பலர் கேட்கத் தயங்கும் பயம் இது. நிற்காது. ஃபுல் ஃபேஸ் மாஸ்க்கில், மெஷின் நின்றால் வெளிக்காற்று வரத் தானாகத் திறக்கும் வால்வு இருக்கும். மூக்கு மாஸ்க் என்றால் வாய் வழியாக மூச்சு விடலாம். மாஸ்க்கில் இருக்கும் சின்னத் துளைகள் நீங்கள் விடும் காற்று வெளியேறுவதற்கானவை. கசிவு என்று நினைத்து அவற்றை டேப் போட்டு ஒட்டிவிடாதீர்கள்.

இன்வெர்ட்டர் இருக்கும் வீடுகளில் மெஷினை அந்த லைனில் இணைக்கலாம். ஹியூமிடிஃபையரையும் டியூப் ஹீட்டரையும் அணைத்தால் மின்சாரச் செலவு நன்றாகக் குறையும், பேட்டரி அதிக நேரம் தாங்கும்.

சுத்தம் முக்கியம்

* மாஸ்க் குஷனை தினமும் துடையுங்கள் அல்லது மிதமான சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். டியூபை வாரம் ஒருமுறை கழுவி, வெயில் படாமல் நிழலில் காயவையுங்கள்.
* ஹியூமிடிஃபையரில் டிஸ்டில்டு வாட்டர்தான் ஊற்ற வேண்டும். மிச்சத் தண்ணீரைக் காலையில் கொட்டிவிடுங்கள்.
* கொசுவத்தி, ஊதுபத்தி புகை அருகில் மெஷினை வைக்காதீர்கள். அது இழுப்பது அந்த அறைக் காற்றைத்தான்.
* ஃபில்டரை மேனுவலில் சொன்னபடி மாற்றுங்கள்.

பழைய மெஷினை செகண்ட் ஹேண்டில் வாங்குபவர்கள் கவனிக்க: 2021 ஜூனில் பிலிப்ஸ் நிறுவனம் தன்னுடைய பல சிபாப், பைபாப் மாடல்களை உலக அளவில் திரும்பப் பெற்றது. சத்தத்தைக் குறைக்க உள்ளே வைத்திருந்த ஃபோம் சிதைந்து, துகள்கள் காற்றோடு கலக்க வாய்ப்பு இருந்ததுதான் காரணம். எந்த நிறுவனமாக இருந்தாலும் மாடல், சீரியல் எண்ணைச் சரிபார்க்காமல் வாங்காதீர்கள். இன்னொருவருக்கு வைத்த அழுத்தமும் உங்களுக்குப் பொருந்தாது.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை

"யானை மாதிரி இருக்கே", "ஐசியூ பேஷன்ட் மாதிரி இருக்கே" என்று விளையாட்டுக்குச் சொல்வதுகூட, ஏற்கெனவே கூச்சத்தில் இருப்பவரை மாஸ்க்கைக் கழற்ற வைத்துவிடும். ராத்திரி கழன்றிருந்தால் எழுப்பி மாட்டச் சொல்லுங்கள். குறட்டை நின்றதா, நடுவில் மூச்சுத் திணறுகிறாரா என்று கவனித்துச் சொல்ல உங்களால்தான் முடியும். மாஸ்க் போட்டும் குறட்டை கேட்டால் டாக்டரிடம் சொல்ல வேண்டிய விஷயம் அது.

"பழகிட்டா விடவே முடியாதாமே?"

இது போதை மருந்து இல்லை. கண்ணாடி போடுவது மாதிரிதான். போட்டால் தெரியும், கழற்றினால் பழையபடி மங்கும். உடல் எடை குறைந்தால் சிலருக்குப் பாதிப்பு வெகுவாகக் குறையலாம். அப்போது மறுபடி டெஸ்ட் எடுத்து, தொடரலாமா வேண்டாமா என்று டாக்டர் முடிவு செய்வார். மது, டாக்டர் சொல்லாமல் எடுக்கும் தூக்க மாத்திரை இரண்டும் தொண்டைத் தசையை இன்னும் தளரவைக்கும். தவிர்த்துவிடுங்கள்.

எப்போது டாக்டரைப் பார்க்க வேண்டும்?

* எவ்வளவு முயன்றும் 2 வாரமாக 4 மணி நேரத்தைத் தாண்ட முடியவில்லை என்றால்
* முழு இரவும் போட்டும் பகல் தூக்கம் குறையவில்லை என்றால்
* மூக்கில் ரத்தம், ஆறாத புண், தாங்க முடியாத வயிற்று உப்புசம் இருந்தால்
* மாஸ்க் என்றாலே நெஞ்சு படபடப்பு வந்தால்

நெஞ்சு வலி, விழித்திருக்கும்போதே மூச்சுத்திணறல் என்றால் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

எல்லாம் செய்தும் முடியவில்லையா? கீழ்த்தாடையை முன்னே நகர்த்தி வைக்கும் பல் கருவி, படுக்கும் நிலையை மாற்றும் பயிற்சி, சிலருக்கு அறுவை சிகிச்சை என வேறு வழிகளும் இருக்கின்றன. எது உங்களுக்குப் பொருந்தும் என்பதை டாக்டரோடு பேசி முடிவு செய்யலாம். அதுவரை மெஷின் கட்டில் பக்கத்திலேயே இருக்கட்டும். பீரோ மேலே ஏற்றிவிட்டால், மறுபடி இறக்குவது கஷ்டம்.