தொண்டும் கல்வியும்: ஒரு சிறு வரலாறு

கல்லூரியில் புதிதாய்ச் சேரும் மாணவர்கள் ஆண்டுதோறும் நம்மிடம் கேட்கும் வினா ஒன்றுண்டு. "ஐயா, என்.எஸ்.எஸ்.ஸில் சேர்ந்தால் வருகைப்பதிவில் சலுகை கிடைக்குமா?" கேட்பவர்மேல் குற்றமில்லை. அத்திட்டம் எங்கிருந்து வந்தது என்பதை நாம் அவர்களுக்குச் சொல்லித்தந்ததே இல்லை.

மாணவப் பருவத்தை அறிவின்பத்துக்கான ஓய்வுக்காலமாகக் கருதலாகாது, நாட்டைத் தாங்கும் ஏழை மக்களுக்குத் தொண்டாற்றத் தம்மை அணியப்படுத்திக்கொள்ளும் காலம் அது என்பது காந்தியடிகளின் எண்ணம். விடுதலைக்குப்பின், 1948இல் டாக்டர் இராதாகிருஷ்ணன் தலைமையில் அமைந்த பல்கலைக்கழகக் கல்விக்குழு, மாணவர்கள் விரும்பி ஏற்கும் நாட்டுத்தொண்டினைப் பரிந்துரைத்தது. 1959இல் சி.டி. தேஷ்முக் தலைமையில் அமைந்த குழுவோ, பள்ளிப்படிப்பை முடித்துப் பல்கலைக்கழகம் புகுவோர் அனைவர்க்கும் கட்டாயத் தொண்டு வேண்டும் என்றது. செலவும் நடைமுறைச் சிக்கல்களும் அதைத் தடுத்தன. அடுத்து கே.ஜி. சையிதைன் பல நாடுகளின் இளைஞர் தொண்டுத் திட்டங்களை ஆராய்ந்து அறிக்கை அளித்தார். 1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரி கல்விக்குழுவும் கல்வியின் எல்லாப் படிகளிலும் சமூகத்தொண்டு இடம்பெற வேண்டுமென்றது.

இருபதாண்டு விவாதத்தின் பயனாக, காந்தி நூற்றாண்டான 1969இல், செப்டம்பர் 24ஆம் நாள், அன்றைய கல்வியமைச்சர் வி.கே.ஆர்.வி. ராவ் நாட்டு நலப்பணித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். 37 பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 40,000 மாணவர்கள் அதில் சேர்ந்தனர். கொனாரக் சூரியன் கோயிலின் தேர்ச்சக்கரம் சின்னமாயிற்று. ஆண்டுக்கு 120 மணிநேரமாக ஈராண்டுப் பணியும், ஏழுநாள் சிறப்பு முகாமும் அதன் நடைமுறையாக வேரூன்றின.

ஏறக்குறைய அதே காலத்தில், அமெரிக்காவின் தென்மாநிலங்களில் இராபர்ட் சிக்மன், வில்லியம் ராம்சே முதலானோர் இதையொத்த முயற்சி ஒன்றுக்குச் 'சேவைவழிக் கற்றல்' என்னும் பொருளில் பெயரிட்டனர். 1979இல் சிக்மன் அதற்கு மூன்று நெறிகளை வகுத்தார். பெறப்படும் சேவை எதுவென்பதைப் பெறுவோரே முடிவு செய்யவேண்டும். அதனால் அவர்கள் பிறர்க்கும் தமக்கும் உதவும் ஆற்றல் பெறவேண்டும். சேவை செய்வோரும் கற்போரே, கற்பது எதுவென்பதில் அவர்க்கும் உரிமை வேண்டும்.

இந்நெறிகளை நாம் ஏட்டில் படித்தறியுமுன் ஓர் ஊர் நமக்குக் கற்றுக்கொடுத்தது. நாம் பொறுப்பேற்று நடத்திய முதல் முகாமில் மரக்கன்றுகள் நட்டு, நிறைவு விழா நடத்தி, நிழற்படம் எடுத்துத் திரும்பினோம். அடுத்த ஆண்டு சென்றபோது ஒன்றுகூடப் பிழைத்திருக்கவில்லை. "தண்ணி எங்கேருந்து ஊத்துறதுன்னு எங்களை ஒரு வார்த்தை கேட்டீங்களா சார்?" என்றார் ஒரு பெரியவர். நாம் கேட்டிருக்கவில்லை.

அம்முறை மண்வெட்டிகளை ஓரமாய் வைத்துவிட்டுத் திண்ணைகளில் அமர்ந்து கேட்டோம். ஊரார் வேண்டியது கன்றுகளையன்று. முதியோர் உதவித்தொகைக்கும் பட்டா மாற்றத்துக்கும் மனு எழுதித்தர ஆள் வேண்டும் என்றனர். தமிழிலக்கியம் பயில்வோர்க்கு இது எளிது என்றெண்ணினோம். ஒரு மாணவி அணிநயம் மிளிர ஒரு பக்கம் எழுதி முடித்தார். அதை வாசிக்கக் கேட்ட பாட்டி, "நல்லாத்தான் இருக்கு தாயி, ஆனா நான் சொன்னது இதுல எங்க இருக்கு?" என்றார். மூன்றாம் முறை எழுதியதைக் கேட்டபிறகே கைநாட்டு வைத்தார். பிறர் சொல்லைக் குறைவின்றி எழுத்தில் கொணர்வது எத்துணை அரிது என்பதை அந்த மாணவி அன்று கற்றார். அவருடைய ஆசிரியராகிய நாமும் கற்றோம். முகாம் முடியுமுன் ஊர்ப்பிள்ளைகள் இருவர் தாமே மனு எழுதப் பழகிக்கொண்டனர். அது நாம் திட்டமிடாத பயன்.

தொண்டு என்னும் சொல்லில் கொடுப்பவர் உயர்ந்தும் பெறுபவர் தாழ்ந்தும் நிற்பதாக ஒரு தோற்றம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கற்றல் அதனோடு சேரும்போதுதான் அத்தோற்றம் கலைகிறது. ஊர் அங்கே வேலைக்களமன்று; உடனிருந்து கற்பிக்கும் ஆசான். 'எனக்கல்ல, உனக்கே' என்பது நாட்டு நலப்பணித் திட்டத்தின் முழக்கம். அந்த 'உனக்கு' எது வேண்டுமென்று அவரிடமே கேட்டறியாதவரை முழக்கம் நிறைவுபெறாது.

இப்போதெல்லாம் வருகைப்பதிவு பற்றிக் கேட்கும் மாணவரிடம் அந்த மனுவின் கதையைச் சொல்கிறோம். கேட்ட எல்லாரும் சேர்வதில்லை. சேர்பவர்கள் மண்வெட்டிக்கு முன் ஒரு குறிப்பேட்டை எடுத்துக்கொள்கிறார்கள்.