கஞ்சித் தொட்டி

கஞ்சித் தொட்டி என்பது பஞ்சத்திலும் வேலை முடக்கத்திலும் அடுப்பெரியாத வீட்டினருக்காகப் பொது இடத்தில் கஞ்சி காய்ச்சி ஊற்றும் ஏற்பாடு. கோயில் வாசல், சங்கக் கட்டடம், தெருமுனைப் பந்தல் என எங்கும் இது நடக்கும். பெரிய அண்டாவில் நொய்யோ அரிசியோ கொதிக்கும். தொட்டுக்கொள்ளத் துவையலோ ஊறுகாயோ இருக்கும். சிலர் அங்கேயே குடிப்பார்கள், சிலர் தூக்குச் சட்டியில் வீட்டுக்கு வாங்கிப் போவார்கள். தமிழகத்தில் இந்தச் சொல் கைத்தறி நெசவாளரின் துயரத்தோடு ஒட்டிக்கொண்டது. அதற்கான காரணம் அவர்களின் தொழில் அமைப்பிலேயே இருக்கிறது.

திருவண்ணாமலை மாவட்டத்தில் கமண்டல நாகநதிக் கரையில் உள்ள ஆரணி, பட்டுச் சேலைக்குப் பேர்போன ஊர். இங்கே கூலிக்கு நெய்யும் குடும்பங்களுக்கு வீடுதான் பட்டறை. குழித்தறியில் நெய்பவர் தரையில் தோண்டிய குழிக்குள் காலை இறக்கி மிதியை மிதிப்பார். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அந்தக் குழியில் நீர் ஊறும். ஈரக்காற்றில் இழை தளர்ந்து அறும். சாயம் தோய்த்த நூல் காயாது. தெருவில் பாவு நூலை நீட்ட வழியில்லை. சேலையை நெய்து கொடுத்தால்தான் கூலி என்பதால் தறி நின்றால் வரவும் நின்றுவிடும். பட்டு விலை ஏறும்போது மழையே இல்லாமலும் இதே நிலை வரும்: முதலாளி பாவு தரமாட்டார். தீபாவளிக்காகக் கடைகளில் பட்டு விற்பனை சூடுபிடிக்கும் மாதத்தில்தான் அதை நெய்தவர் வீட்டில் தறி நனைகிறது.

பசித்தவருக்குப் பொதுவில் சோறிடும் வழக்கம் பழையது. வள்ளலார் வடலூரில் 1867 மே 23 அன்று தொடங்கிய சத்திய தருமச்சாலையில் அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. அரசு நிவாரணம் பெரிய அளவில் வந்தது 1876–78 பஞ்சத்தில். சென்னை மாகாணத்தில் ஆரணி அன்று அடங்கியிருந்த வட ஆர்க்காடும் அதில் அடிபட்டது. உடல் வலுவுள்ளவர் மண் சுமந்து, கல் உடைத்துக் கூலி பெற வேண்டும் என்பது அன்றைய விதி. பட்டிழையைத் தடவிப் பார்த்து அறுந்த இடம் கண்டுபிடிக்கும் விரல்கள் கல் உடைத்தால் பிறகு தறிக்கு உதவா. ஆகவே நெசவாளருக்கு நூல் கொடுத்து, நெய்த துணியை அரசே வாங்கும் முறையும் கையாளப்பட்டது; பின்னர் எழுதப்பட்ட பஞ்ச விதிகளிலும் அதற்கு இடம் கிடைத்தது. கஞ்சியைவிட இதுவே தேர்ந்த உதவி.

1950களின் தொடக்கத்தில் கைத்தறித் துணி தேங்கியபோது இதே வழி வேறு உருவில் திரும்பியது. 1953 ஜனவரி 4 அன்று தி.மு.க.வினர் கைத்தறித் துணியைத் தோளில் சுமந்து தெருத்தெருவாக விற்றார்கள். அண்ணா திருச்சியில் விற்றார். ஆலைத் துணிமீது தீர்வை விதித்து அந்தப் பணத்தைக் கைத்தறி, கதர் வளர்ச்சிக்குச் செலவிட அதே ஆண்டில் மத்தியச் சட்டம் வந்தது.

2001–02இல் வேலையிழந்த நெசவாளருக்காக எதிர்க்கட்சிகளும் தொழிற்சங்கங்களும் கஞ்சித் தொட்டிகளைத் திறந்தன. ஆளுங்கட்சியினர் அதற்குப் போட்டியாகப் பிரியாணி போட்டார்கள். சிரிப்பை வரவழைக்கும் செய்திதான். ஆனால் கஞ்சித் தொட்டியின் இரட்டை வேலையை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி இல்லை. அது வயிற்றை நிரப்புகிறது, ஆட்சியின் குறையை நடுத்தெருவில் வைத்தும் காட்டுகிறது. எந்த ஆட்சியும் அதைக் கண்டு கூசுவது இந்த இரண்டாவது வேலையால்தான்.

வரிசையில் நிற்பவருக்கும் கூச்சம் உண்டு. ஆடி மாதம் அம்மன் கோயிலில் கூழ் வார்க்கும்போது பாத்திரத்தோடு நிற்க யாரும் தயங்குவதில்லை, அது பிரசாதம். கஞ்சித் தொட்டியில் நிற்பதோ இல்லாமையை ஊரறியச் சொல்வது. பட்டு நெய்பவர் என்ற பெயர் இருப்பதால் அது இன்னும் உறுத்தும். 2022இல் எரிபொருள் விலை ஏறி, குளிர்காலத்தில் வீட்டைச் சூடேற்ற முடியாதவர்களுக்காக நூலகங்களையும் தேவாலயங்களையும் திறந்துவைத்த பிரிட்டனிலும் இதே சிக்கல் எழுந்தது. அங்கே தேநீர், புத்தகம், விளையாட்டு என்று வைத்து, குளிருக்கு ஒதுங்கியவரும் பொழுதுபோக்க வந்தவரும் கலந்து உட்காரும்படி செய்தார்கள். 2013இல் தொடங்கிய அம்மா உணவகத்தின் ஒரு ரூபாய் இட்லியும் ஏறக்குறைய அப்படித்தான்: காசு கொடுத்துச் சாப்பிடுபவரை யாரும் காரணம் கேட்பதில்லை.

வேலையில்லாத பருவம் முன்கூட்டியே தெரிந்தால் பணமாகவே கொடுத்துவிடலாம். ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்துக்குக் கிழக்குக் கரை மீனவர் குடும்பங்களுக்கு வழங்கும் நிவாரணத்தை 5,000 ரூபாயிலிருந்து 8,000 ஆக உயர்த்துவதாகத் தமிழக அரசு 2023இல் அறிவித்தது. வடகிழக்குப் பருவமழையும் ஏறத்தாழ நாள் தவறாமல் வருவதுதான். மழைக்கால நிவாரணம் வேண்டும் என்று நெசவாளர் சங்கங்கள் கேட்பது இந்தக் கணக்கை வைத்தே.